நாற்பத்தேழு

பதினோராம் வகுப்பு உயிரியலில் செல் பகுப்பைப் பற்றி ஒரு பாடம் உண்டு. மழைக்காலத்து இரவொன்றில் எங்கள் மூத்த மகள் அதை உரக்கப் படித்து மனனம் செய்துகொண்டிருந்தாள். திடீரென்று குரல் நின்றது.

'அப்பா, தாய் செல்லுல இருக்கிற குரோமோசோம் அத்தனையும் சரிசமமாப் பிரிஞ்சு ரெண்டு சேய் செல்லுக்கும் போகும்னு போட்டிருக்கு. அப்புறம் நம்ம பாப்பாவுக்கு மட்டும் ஏம்மா அப்படி ஆச்சு?'

அப்பாவிடம் தொடங்கிய கேள்வியை அவள் அம்மாவிடம் முடித்தாள். பாப்பா பக்கத்திலேயே பாயில் உறங்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் பதில் சொல்லவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவும் இல்லை.

எங்களில் ஒருவர் தமிழாசிரியர், மற்றவர் கணக்கு எழுதுபவர். இருவருக்கும் அறிவியல் பள்ளிக்கூடத்தோடு நின்றுபோயிற்று. அந்த இரவுக்குப் பிறகு பல மாதங்கள், கிடைத்த நூல்களையும் கட்டுரைகளையும் அகராதியின் துணையோடு வாசித்தோம். மகளுக்குச் சொல்ல வேண்டியிருந்த பதிலையே இங்கே எழுதுகிறோம்.

*

வளவனூர், விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே சாலையும் இரயில் தடமும் தொட்டுச் செல்லும் ஒரு பேரூர். சுற்றிலும் நெல்லும் கரும்பும் மல்லாட்டையும் விளைகிற ஊர்கள். எங்கள் இரண்டாம் மகள் பிறந்து இப்போது ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. பிறந்த மறுநாளே குழந்தையின் கண்ணோரச் சாய்வையும் உள்ளங்கையில் குறுக்காக ஓடிய ஒற்றை ரேகையையும் தளர்ந்திருந்த கைகால்களையும் பார்த்த மருத்துவர், இரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பச் சொன்னார். சில வாரங்கள் கழித்து ஒரு தாள் வந்தது. கருப்பும் வெளுப்புமாகப் பட்டையிட்ட சிறு புழுக்களைப் போன்ற உருவங்கள் அதில் இரண்டிரண்டாக அடுக்கப்பட்டிருந்தன. 21 என்ற எண்ணுக்கு மேல் மட்டும் மூன்று. அடியில் ஒரு வரி: 47, எக்ஸ்எக்ஸ், +21. டவுன் சிண்ட்ரோம் என்றார்கள்.

தாள் வருவதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிட்டது. கிரகணத்தன்று வெளியே வந்தாளாமே என்றார் ஒருவர். மசக்கையில் அன்னாசிப்பழம் தின்றதுதான் காரணம் என்றார் இன்னொருவர். பெரியத்தை ஒருத்தி, தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு நேராகவே கேட்டாள்: 'இது உங்க வூட்டு வழியா, அவங்க வூட்டு வழியா?'

அக்கேள்வியை நாங்கள் அவளிடம் மறுத்துப் பேசினோம். ஆனால் உண்மையைச் சொன்னால், இரவில் தனித்தனியே அதையே கேட்டுக்கொண்டிருந்தோம். ஒருவர் தம் கிரகண நாளை நினைத்து அழுதார். மற்றவர் தம் குடும்பத்தில் பேசவராமல் இருந்து இளமையிலேயே இறந்துபோன ஒரு சிற்றப்பனை நினைத்து வாய்மூடிக் கிடந்தார். ஒருவர் மற்றவரைக் குற்றம் சொன்னதில்லை. குற்றம் சொல்லாமல் இருந்ததே எங்களுக்கு நடுவில் ஒரு சுவராக வளர்ந்தது.

*

அந்தத் தாளிலிருந்தே தொடங்குகிறோம். ஓர் உயிரணுவின் குரோமோசோம்களை எண்ணிப் படம் பிடிப்பது எப்படி? மற்ற வேளைகளில் அவை பிரித்துப்போட்ட நூல்கண்டைப் போல் கலந்து கிடக்கின்றன. உயிரணு இரண்டாகப் பிரியும் தறுவாயில் மட்டுமே தடித்துத் திரண்டு தனித்தனியாகத் தெரிகின்றன. ஜெர்மனியின் கீல் நகரில் வால்தர் ஃப்ளெமிங் சாயமேற்றிய சலமாண்டர் உயிரணுக்களில் இதைக் கண்டு 1882இல் நூலாக வெளியிட்டார். அத்தறுவாயோ சிறுபொழுது. அந்த நிலையில் உயிரணுக்களைத் தடுத்து நிறுத்தினால்தான் எண்ண முடியும்.

நிறுத்துவதற்கு ஒரு நஞ்சு இருக்கிறது. அது எங்கள் ஊர் வேலிகளிலேயே பூக்கிறது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 மலர்களில் முதலாவதாக வரும் செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர். கொடியின் நுனியில் தீ பற்றியதுபோல் பூக்கும். எங்கள் பக்கத்தில் கண்வலிக்கிழங்கு என்றும் கலப்பைக்கிழங்கு என்றும் சொல்வார்கள். பிள்ளைகளைத் தொடவிட மாட்டார்கள். அதன் கிழங்கிலும் விதையிலும் இருப்பது கோல்சிசின் என்னும் பொருள். மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கங்களில் விதைக்காகவே இதைப் பயிரிடுகிறார்கள். மூட்டுவாதத்துக்கு மருந்தாகிற இதே பொருள், அளவு மீறினால் உயிரைக் கொல்லும்.

மனிதனுக்கு 48 குரோமோசோம்கள் என்றே பல ஆண்டுகள் உலகம் நம்பியிருந்தது. உயிரணுக்களைக் கோல்சிசினால் நிறுத்தி, உப்புச்செறிவு குறைந்த நீரில் உப்பவைத்து, 46 என்று திருத்தியவர்கள் ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஆய்வு செய்த ஜோ ஹின் ச்யோவும் ஆல்பர்ட் லெவானும், ஆண்டு 1956. மூன்றாண்டுகள் கழித்து, 1959இல், பாரிஸில் ஜெரோம் லெஜூன், மார்த் கோத்தியே, ரேமோன் டியூர்பென் மூவரும் டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு 47 இருப்பதை வெளியிட்டார்கள். உயிரணுக்களை வளர்த்துக் காட்டிய கோத்தியேயின் பங்கு நெடுங்காலம் பேசப்படாமலே கிடந்தது. எங்கள் மகளின் தாளும் அந்த வழியில் வந்ததுதான். இரத்தத்து உயிரணுக்களை வளர்த்து, கோல்சிசினோ அதன் வழிவந்த மருந்தோ இட்டு, பிரியவிருந்த கணத்தில் நிறுத்தி எடுத்த படம்.

நஞ்சு இட்டால் உயிரணு ஏன் நிற்கிறது? இக்கேள்வியில்தான் எங்கள் மகளுக்கான விடை இருந்தது.

*

பிரிவதற்கு முன் உயிரணு தன் 46 குரோமோசோம்களையும் படியெடுத்துக்கொள்கிறது. ஒவ்வொன்றும் தன் படியோடு ஒட்டிய இரட்டையாகிறது. இரட்டைகள் விலகிவிடாதபடி கொஹீசின் என்னும் புரத வளையங்கள் பிணைத்திருக்கின்றன. பின்னர் உயிரணுவின் இரு முனைகளிலிருந்தும் மெல்லிய நுண்குழல்கள் வளர்கின்றன. நடுவில் பருத்து இருபுறமும் கூம்பும் அந்த அமைப்பை நூல் நூற்கும் கதிரின் பெயராலேயே அழைக்கிறார்கள். நுண்குழல்கள் நீள்வதும் சுருங்குவதுமாக இருட்டில் கைவீசித் தேடுவதுபோல் துழாவி, குரோமோசோமின் இடுப்பில் உள்ள பிடிமானத்தைப் பற்றிக்கொள்கின்றன. இரட்டையில் ஒன்றை ஒரு முனையும் மற்றதை எதிர்முனையும் பற்ற வேண்டும். அதன் பின்னரே வளையங்கள் அறுபட்டு இரட்டைகள் விலகிச் செல்லலாம்.

எல்லாம் பற்றப்பட்டன என்று உயிரணுவுக்கு எப்படித் தெரியும்? 1991இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஈஸ்டில் இதற்கு விடை தேடின. ஒன்று ரோங் லி, ஆண்ட்ரூ மர்ரே ஆகியோருடையது. மற்றது ஆண்ட்ரூ ஹோய்ட்டும் உடனிருந்தவர்களும் சேர்ந்தது. நுண்குழல்களைக் குலைக்கும் மருந்தை இட்டால் இயல்பான ஈஸ்ட் பிரியாமல் காத்து நிற்கிறது. சில மரபணுக்கள் பழுதுபட்ட ஈஸ்ட் காத்திராமல் பிரிகிறது. கணக்குத் தவறி மடிகிறது. ஆகவே காத்திருப்பது தற்செயலன்று. அதற்கென்றே மரபணுக்கள் இருக்கின்றன. 'மேட்' என்றும் 'பப்' என்றும் பெயரிடப்பட்ட அவை ஈஸ்ட் முதல் மனிதன் வரை ஏறக்குறைய ஒன்றுபோலவே இயங்குகின்றன.

பற்றப்படாத ஒவ்வொரு பிடிமானமும் 'இன்னும் நான் இருக்கிறேன்' என்பதுபோல் ஒரு வேதிச் செய்தியை இடைவிடாமல் விடுக்கிறது. அச்செய்தி இருக்கும்வரை வளையங்களை அறுக்கும் நொதிக்கு விடுதலை இல்லை. 45 இரட்டைகள் ஒழுங்காக அணிவகுத்து நின்றாலும், ஒன்று ஓரத்தில் அலைந்துகொண்டிருந்தால், அவ்வொன்றுக்காக அத்தனையும் காத்து நிற்கின்றன. 1995இல் கான்லி ரீடரும் அவருடைய குழுவினரும் கடைசியாகப் பிடிபடாமலிருந்த பிடிமானத்தை லேசர் ஒளியால் அழித்துப் பார்த்தார்கள். உடனே தடை நீங்கியதுபோல் உயிரணு பிரிவதில் இறங்கிவிட்டது. முழு உயிரணுவையும் நிறுத்தி வைத்திருந்தது அந்த ஒன்றின் குரல்தான்.

பற்றினால் மட்டும் போதாது, சரியாகவும் பற்ற வேண்டும். இரட்டை இரண்டையும் ஒரே முனை பிடித்துவிட்டால் எதிர்ப்பக்கத்து இழுப்பு இருக்காது, தொய்வாகக் கிடக்கும். தேர்வடத்தை ஒரு பக்கம் மட்டும் பிடித்த கதைதான். தொய்ந்த பிடிகளை அவிழ்த்துவிட்டு மறுபடி தேடவிடுவதற்கென்று 'அரோரா பி' என்றொரு நொதி இருக்கிறது. ஷியோட்டியன் லியும் புரூஸ் நிக்லஸும் 1995இல், கும்பிடுபூச்சியின் உயிரணு ஒன்றில் சரியாகப் பிடிபடாத குரோமோசோமை மிக நுண்ணிய கண்ணாடி ஊசியால் மெல்ல இழுத்தார்கள். இழுவிசை கிடைத்ததும் அதுவரை காத்திருந்த உயிரணு பிரியத் தொடங்கியது.

காந்தளின் நஞ்சு செய்வதும் இப்போது விளங்கும். அது நுண்குழல்களை வளரவிடாது. பற்றுவதற்குக் கைகளே இல்லை. ஆகவே உயிரணு காத்திருக்கிறது, காத்திருந்துகொண்டே இருக்கிறது. அக்காத்திருப்பில் எடுத்த படம்தான் எங்கள் கையில் வந்த தாள்.

*

இவ்வளவு காவல் இருந்தும் பாப்பாவுக்கு ஏன் 47?

முட்டையில் நடக்கும் பகுப்பு வேறு வகையானது. அங்கே 46ஐ 23ஆகக் குறைக்க வேண்டும். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த இணைகள் ஒன்றையொன்று தேடித் தழுவி, பிறகு எதிரெதிர் முனைகளுக்குப் போக வேண்டும். பெண்ணுக்கு இப்பகுப்பு எப்போது தொடங்குகிறது என்று படித்தபோது நாங்கள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டோம். அவள் தன் தாயின் வயிற்றில் கருவாக இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது. தொடங்கிப் பாதியில் நின்று, அந்த முட்டை முதிர்ந்து வெளிப்படும் மாதம்வரை அப்படியே காத்துக்கிடக்கிறது. பாப்பாவுக்கான முட்டை இருபத்தெட்டு ஆண்டுகளுக்கும் மேல் காத்திருந்திருக்கிறது.

அத்தனை ஆண்டுகளும் இணைகளைப் பிடித்திருப்பவை கருப்பருவத்தில் பூட்டிய அதே கொஹீசின் வளையங்கள். பின்னர் அவை புதுப்பிக்கப்படுவதில்லை என்று எலிகளில் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. அவற்றைக் காப்பதற்கென்றே ஒரு புரதம் உண்டு. யோஷினோரி வாத்தனாபே குழுவினர் 2004இல் அதற்கு 'ஷுகோஷின்' என்று பெயரிட்டார்கள். ஜப்பானிய மொழியில் காவல் தெய்வம் என்று பொருள். ஏரிக்கரையில் ஐயனாரை நிறுத்துகிற நமக்கு இந்தப் பெயர் அந்நியமாகத் தோன்றாது. ஆனால் காவல் இருந்தும் ஆண்டுகள் செல்லச்செல்ல வளையங்கள் தளர்கின்றன. உடலின் மற்ற உயிரணுக்களைப்போல் ஒன்றிரண்டுக்காக முட்டை கண்டிப்பாக நிற்பதும் இல்லை. அதன் காவல் சற்றுத் தளர்வானது. ஆகவேதான் 25 வயதுத் தாய்க்கு ஏறத்தாழ 1250 பிறப்புகளில் ஒன்றாக இருப்பது, 35இல் ஏறத்தாழ 350இல் ஒன்றாகவும் 40இல் 100இல் ஒன்றாகவும் ஏறுகிறது. ஆயினும் இளந்தாய்மாரே மிகுதியாகப் பிள்ளை பெறுவதால், இக்குழந்தைகளில் பெரும்பாலோர் அவர்களுக்கே பிறக்கிறார்கள். கணக்கு எல்லாருக்கும் பொதுவானது. யார் தலையில் விழும் என்பதை மட்டும் அது சொல்லாது.

எங்களுக்கு மிக வேண்டியிருந்த செய்தி இதில்தான் இருந்தது. இப்பிழை பெரும்பாலும் கரு உண்டாவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. கிரகணமும் அன்னாசிப்பழமும் வரும்போது எல்லாம் முடிந்திருக்கிறது. தொடக்க மாதங்களில் கலைந்துபோகும் கருக்களில் ஏறக்குறையப் பாதிக்கு இப்படிப்பட்ட எண்ணிக்கைப் பிழைதான் காரணம் என்பதையும் படித்தோம். எங்கள் தெருவிலேயே எத்தனை பெண்கள், படியேறினாய், குடம் தூக்கினாய் என்ற ஏச்சைக் கேட்டு ஆயுள் முழுக்கச் சுமந்திருக்கிறார்கள்!

மேலும் ஒன்று. 21ஆம் குரோமோசோமின் மூன்றாவது பிரதி பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தாயின் முட்டை வழியாகவும், எஞ்சியவற்றில் பெரும்பாலும் தந்தையின் விந்தணு வழியாகவும் வருகிறது. எங்கள் குழந்தைக்கு எந்த வழி? அந்தத் தாள் அதைச் சொல்லாது. தனியே மரபணுச் சோதனை செய்தால் தெரியும். செய்ய வேண்டாம் என்று இருவரும் சேர்ந்து முடிவெடுத்தோம். பெரியத்தையின் கேள்விக்கு எங்கள் வீட்டில் விடை இருக்கக்கூடாது. இக்கட்டுரையில் எந்த இடத்திலும் 'நான்' வராததற்கும் அதுவே காரணம்.

இதையெல்லாம் அம்மாவைப் பெற்ற ஆயாவிடம் ஒருநாள் எங்களுக்குத் தெரிந்த தமிழில் சொன்னோம். முட்டை முப்பது வருடம் காத்திருக்கிறது, மகள் பிறப்பதற்கு முன்பே அவள் வயிற்றில் பேத்திக்கான வித்து இருக்கிறது என்றோம். ஆயா வெகுநேரம் பேசவில்லை. பிறகு பாப்பாவை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு சொன்னாள்: 'அப்ப இதை நானுந்தான் வயித்துல சொமந்திருக்கேன்.'

*

குரோமோசோம் மிகுந்தால் கேடு என்பது இயற்கையின் பொதுவிதியும் அன்று. முண்டியம்பாக்கம் ஆலைக்கு எங்கள் ஊர் வழியே கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர்களைப் பார்க்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வருகிறது. இன்றைய கரும்பு இரகங்களின் உயிரணுவில் நூறிலிருந்து நூற்றுமுப்பது வரை குரோமோசோம்கள். இனிப்புக் கரும்புக்கு 80. அதைக் காட்டுக் கரும்போடு ஒட்டுச் சேர்க்கும்போது தாய்க் கரும்பு பாதியைத் தராமல் எண்பதையும் தந்துவிடுவது உண்டு. அந்தக் 'கணக்குப் பிழை'யின்மேல்தான் கோயம்புத்தூர் கரும்புகளின் புகழே எழுந்தது. 1930களில் அங்கே கரும்பின் குரோமோசோம்களை எண்ணியவர் ஜானகி அம்மாள். தலைச்சேரியில் பிறந்து சென்னையில் கற்ற அவர், 1945இல் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து வெளியிட்டார். பின்னர் இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா நாற்றுகளுக்குக் கோல்சிசின் இட்டு எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினார். அவர் பெயர் தாங்கிய மக்னோலியா இன்னும் பூக்கிறது.

மனிதருக்கு இவ்விதத் தாராளம் இல்லைதான். மூன்றாவது பிரதியின் விலை என்னவென்று எங்களுக்குத் தெரியும். இதயத்தில் ஒரு சிறு துளையோடு பிறந்தாள். அது தானே மூடிக்கொள்ளும்வரை உறக்கமில்லை. ஆண்டுதோறும் தைராய்டு பார்க்க வேண்டும். பேச்சுப் பயிற்சிக்காக இரயிலேறிப் புதுச்சேரிக்குப் போய்வருகிறோம். ஒரு பள்ளி அவளைச் சேர்த்துக்கொள்ள மறுத்து, 'மற்ற பிள்ளைகள் காத்திருக்க முடியாது' என்றது. இதையெல்லாம் அழகாக்கிச் சொல்ல எங்களுக்கு விருப்பமில்லை.

*

மூத்தவளுக்கு ஒரு விடுமுறை நாளில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தோம். அவளுக்குள் இருந்த இன்னொரு கேள்வி அப்போதுதான் வெளியே வந்தது. 'எனக்குப் பிறந்தாலும் இப்படி இருக்குமா?' தாளை எடுத்துக் காட்டினோம். நூற்றில் மூன்று நான்கு பேருக்கு அந்த மிகைத் துண்டு வேறொரு குரோமோசோமில் ஒட்டிக்கொண்டிருக்கும்; அது மட்டுமே சில வேளைகளில் குடும்பவழி வரக்கூடியது. இங்கே மூன்றும் தனித்தனியாக இருக்கின்றன. ஆகவே எந்தப் பெண்ணுக்கும் உள்ள கணக்கே உனக்கும் என்றோம். தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

'அப்ப அந்த ஒரு தடவைதான் தப்பு. அதுக்கப்புறம் பாப்பாவோட செல்லு ஒவ்வொண்ணும் நாப்பத்தேழையும் சரியாத்தானே பிரிச்சிக்கிட்டு வருது?'

நாங்கள் அவ்வளவு படித்தும் இதை இப்படி யோசித்திருக்கவில்லை. அவள் சொன்னது சரி. உயிரணு குரோமோசோம்களை எண்ணுவதில்லை. 46 இருக்கிறதா, 47 இருக்கிறதா என்று பார்க்கிற கருவி எதுவும் அந்தக் காவலில் கிடையாது. பற்றப்படாமல் எதுவும் மிஞ்சியிருக்கிறதா என்று மட்டுமே அது பார்க்கிறது. ஆகவே பாப்பாவின் உடலில், தோலில், இரத்தத்தில், ஒவ்வொரு பகுப்பிலும் அந்த நாற்பத்தேழாவதும் மற்றவற்றைப்போலவே தேடிப் பிடிக்கப்படுகிறது. அது பிடிபடும்வரை மற்ற 46 இரட்டைகளும் நிற்கின்றன.

பாப்பாவுக்கும் எண்ண வராது. பன்னிரண்டுக்கு மேல் குழம்பிவிடுவாள். மாலையில் ஆயா வேகவைத்த மல்லாட்டையைத் தட்டில் கொட்டி அவளிடம்தான் கொடுப்பாள். திண்ணையில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. ஒவ்வொருவர் கையிலும் வைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து வந்து எல்லாருடைய கையையும் விரித்துப் பார்ப்பாள். வெறுங்கை ஏதும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் தானும் உட்கார்ந்து உரிக்கத் தொடங்குவாள்.